ஏட்டுச் சுரைக்காயும் கறிக்கு உதவும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் மொழி. கற்றதைக் கடைப்பிடியாதவரை இடித்துரைக்கப் பிறந்த மொழி அது. அந்தப் பொருளில் அது என்றும் மெய்யே. ஆயினும் தென்னூர் உழவர் சந்தைக்குக் காலை வேளையில் ஒருமுறை சென்று பார்ப்போர், அம்மொழிக்கு மறுபக்கமும் ஒன்று உண்டென அறிவர். துணிப்பையின் கைப்பிடியோடு ஒரு துண்டுச் சீட்டையும் சேர்த்துப் பிடித்து வரும் இல்லத்தரசி, விலைப் பலகையை ஒருமுறை பார்க்கிறார். சீட்டை ஒருமுறை பார்க்கிறார். சுரைக்காய், கத்தரிக்காய், கறிவேப்பிலை என்று வேண்டியதை மட்டும் வாங்கிக்கொண்டு அரைமணி நேரத்தில் வீடு திரும்பிவிடுகிறார். சீட்டின்றி வந்தவரோ கண்ணில் பட்டதையெல்லாம் பையில் நிரப்பிக்கொண்டு போய், அடுப்பை மூட்டிய பிறகு இஞ்சி வாங்க மறந்ததை எண்ணி மீண்டும் ஆள் அனுப்புகிறார். ஏட்டில் ஏறிய சுரைக்காய்தான் தவறாமல் கறிக்கு வந்து சேர்கிறது.

ஒரு துண்டுச் சீட்டைப் பற்றி இத்தனை பேச்சு எதற்கு என்று வாசக அன்பர்கள் எண்ணலாம். பங்கு மக்களின் இல்லங்களுக்குச் சென்று, அவர்களுடைய இன்ப துன்பங்களைக் கேட்டறியும் கடமை உடைய நாம், பல குடும்பங்களில் அமைதி குலைந்ததற்கும் சில குடும்பங்கள் பெருந்துன்பத்திலும் நிலைகுலையாமல் நின்றதற்கும் காரணம் தேடியதுண்டு. பல வேளைகளில் அக்காரணம் ஒரு குறிப்பேட்டில் அடங்கியிருந்தது; அல்லது எழுதப்படாது போன ஒரு குறிப்பில் அடங்கியிருந்தது. ஆதலின் நம் மக்கள் தம் அன்றாட வாழ்வில் குறிப்பெழுதும் முறைகளையும், அவை உதவுவதும் உதவாமற்போவதும் எதனால் என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

சுவரில் இட்ட கோடு

குறிப்பெழுதுதல் படித்தவர்க்கே உரிய பழக்கம் என்று கருதுவது தவறு. எழுத்தறியாத நம் பாட்டிமார், பால்காரர் ஊற்றிய ஒவ்வொரு வேளைக்கும் சமையலறைச் சுவரில் ஒரு கரிக்கோடு இழுத்தனர். மாத முடிவில் கோடுகளை எண்ணினால் கணக்கு முடிந்தது, வாக்குவாதத்திற்கு இடமில்லை. சலவைத் தொழிலாளர் வீட்டுக்கு வீடு வேறுபட்ட அடையாளத்தைச் சேங்கொட்டைச் சாற்றினால் துணியின் ஓரத்தில் இட்டனர். எத்தனை முறை வெளுத்தாலும் அழியாத அக்குறி, நூறு வீட்டுத் துணிகள் ஒன்றாய்க் கலந்தபோதும் ஒவ்வொன்றையும் உரியவரிடமே கொண்டுவந்து சேர்த்தது. எழுத்தில்லாத இந்தக் குறிப்புக்களில் ஒரு சிறந்த குறிப்புக்கு வேண்டிய இலக்கணம் யாவும் அமைந்திருந்தன: குறி ஒரே இடத்தில் இருந்தது, உடனுக்குடன் இடப்பட்டது, இருதரப்பாருக்கும் விளங்கியது.

இன்று கரிக்கோட்டின் இடத்தைத் தினசரி நாட்காட்டியும் பால் அட்டையும் பிடித்துக்கொண்டன. நம் இல்லங்களில் தொங்கும் நாட்காட்டித் தாளைக் கிழிக்குமுன் அதன்மேல் எழுதப்பட்டிருப்பதைப் படித்தால், அக்குடும்பத்தின் ஒரு நாள் வாழ்வு முழுவதும் தெரிந்துவிடும்: எரிவாயு உருளை மாற்றிய நாள், பால் வேண்டாமென்று சொன்ன நாள், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திற்குக் கடைசி நாள், பாட்டனாரின் நினைவுத் திருப்பலி நாள். ஆனால் தாளைக் கிழித்து எறியும்போது குறிப்பும் உடன் போய்விடுகிறது. எரிவாயு உருளை எத்தனை நாள் வந்தது என்று அடுத்த மாதம் கேட்டால் விடை கூற ஒருவரும் இல்லை. எழுதும் பழக்கம் நம்மிடம் நிரம்ப உண்டு. எழுதியதைச் சேர்த்து வைக்கும் பழக்கமே குறைவு.

சிட்டையும் பேரேடும்

இக்குறையை நீக்கும் வழியை நம் வணிகர்கள் நெடுங்காலத்திற்கு முன்பே கண்டிருந்தனர். பெரிய கடை வீதியிலும் காந்தி சந்தையிலும் பழைய முறையில் கணக்கு வைத்தோரைக் கேட்டால், சிட்டை என்றும் பேரேடு என்றும் இருவகை ஏடுகளைக் கூறுவர். பொழுது முழுவதும் நடக்கும் கொடுக்கல் வாங்கலை நடந்த வரிசையிலேயே விரைந்து குறிப்பது சிட்டை. கடையடைக்கும் வேளையில் அமைதியாக அமர்ந்து, ஒவ்வொருவர் பெயரிலும் பற்று எவ்வளவு, வரவு எவ்வளவு என்று பிரித்து ஏற்றுவது பேரேடு. சிட்டையின் எழுத்து கோணலாக இருக்கலாம். அடித்தல் திருத்தல் இருக்கலாம். பேரேட்டில் அவ்வாறு இருத்தல் ஆகாது.

இம்முறையின் நுட்பம் யாதெனில், வேகமாக எழுத வேண்டிய நேரத்தில் ஒழுங்கை எதிர்பாராமலும், ஒழுங்குபடுத்த வேண்டிய நேரத்தில் வேகத்தை எதிர்பாராமலும் இரண்டையும் பிரித்து வைத்ததேயாகும். குறிப்பேடு வைக்கத் தொடங்கிச் சில நாட்களில் கைவிடுவோர் பலர், இவ்விரண்டையும் ஒன்றாகச் செய்ய முயன்று சலித்தவர்களே. சட்டைப்பையில் உள்ள துண்டுச் சீட்டு, உள்ளங்கையில் எழுதிய தொலைபேசி எண், நாட்காட்டித் தாள் ஆகிய அனைத்தும் நம் சிட்டைகள். அவற்றை இரவில் ஐந்து நிமிடம் அமர்ந்து ஏற்றி வைப்பதற்கு ஒரு பேரேடு நம் இல்லத்தில் உண்டா என்பதே வினா.

அண்ணல் காந்தியடிகள் 1888 முதல் 1891 வரை இலண்டனில் சட்டம் பயின்ற காலத்தில், பேருந்துக் கட்டணம், அஞ்சல் தலை, செய்தித்தாள் என்று செலவிட்ட ஒவ்வொரு காசையும் எழுதி, உறங்கச் செல்லுமுன் இருப்பைச் சரிபார்த்தார் எனத் தம் வரலாற்றில் கூறியுள்ளார். பிற்காலத்தில் பெருந்தொகையான பொதுப்பணம் தம் கையில் புரண்டபோதும் தாம் நடத்திய இயக்கங்கள் கடன்படாமல் இருந்ததற்கு இப்பழக்கமே காரணம் என்பது அவர் கருத்து. சில்லறைக் காசைக் குறிக்கப் பழகிய கைதான் பெருந்தொகையையும் காத்தது.

நாட்குறிப்பு வரலாறான விதம்

நம் தமிழகத்தில் நாட்குறிப்பு என்றவுடன் நினைவுக்கு வருபவர் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. 1709இல் பிறந்து, பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேயின் துபாசியாய் உயர்ந்த இவர், 1736 செப்டம்பர் தொடங்கி 1761 ஜனவரியில் தம் வாழ்வு முடியும் காலம்வரை, இடையிடையே விட்டுப்போன பகுதிகள் நீங்கலாக, ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் குறிப்பெழுதினார். வந்துபோன கப்பல்கள், சரக்குகளின் நிலவரம், ஆளுநர் மாளிகையில் கேட்ட பேச்சு, ஊரில் பரவிய வதந்தி, தம் வீட்டு நன்மை தீமை யாவும் அவற்றில் உண்டு. வணிகரின் சிட்டையைப் போன்றே அன்றாடப் பேச்சுத் தமிழில் அவர் எழுதிச் சென்றார். 1846இல் இந்த ஏடுகள் வெளியுலகின் பார்வைக்கு வந்தன. 1904 முதல் 1928 வரை சென்னை அரசாங்கம் அவற்றைப் பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்காகவும் திருவரங்கத் தீவிலும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் போரிட்ட அக்காலத்தின் வரலாற்றை எழுதுவோர், அந்நாட்குறிப்பைத் தேடாமல் இருக்க இயலாது.

அந்நாட்குறிப்பில் நம் சமயத்தைச் சார்ந்தோருக்கு இனிமையாய் இராத பகுதிகளும் உண்டு. 1748இல் புதுச்சேரியில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட நிகழ்ச்சியையும், அதில் அந்நாளைய குருக்கள் கொண்ட பங்கையும் பிள்ளை மனவருத்தத்துடன் எழுதியுள்ளார். அப்பகுதியை நாம் மறைக்க வேண்டியதில்லை. படித்து நாணமுற வேண்டியதுண்டு. நடந்ததை நடந்தவாறே அன்றே எழுதி வைத்த குறிப்பு, எழுதியவரின் தரப்பினரை மட்டுமன்றி அனைவரையும் பிற்காலத்தில் நேர்மைக்கு அழைக்கிறது.

இவ்வாறே மதுரை மறைபரப்புத் தளத்து இயேசு சபைக் குருக்கள் பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு எழுதியனுப்பிய ஆண்டு மடல்கள், நாயக்கர் காலப் பஞ்சங்களையும் போர்களையும் அறிவதற்கு இன்று சான்றாக விளங்குகின்றன. காவிரிக்கு அக்கரையில் திருவரங்கம் பெரிய கோயிலின் கோயிலொழுகு என்னும் ஏடோ, ஒருவர் எழுதியதன்று. கோயிலின் திருப்பணிகள், ஊழியங்கள், உரிமைகள் ஆகியவற்றைப் பல தலைமுறையினர் பல கைகளால் தொடர்ந்து எழுதியது. எழுதியவர் மறைந்த பின்னும் ஏட்டை அடுத்தவர் கையில் எடுத்துத் தொடர்ந்தனர். நம் குடும்ப ஏடுகளுக்கு இம்முறை பெரிதும் பொருந்தும்.

இஞ்ஞாசியாரின் புள்ளிகள்

பொருட்கணக்கை எழுதுவதுபோலவே உள்ளத்தின் கணக்கையும் எழுதலாம் என்று காட்டியவர் லொயோலா நகர்ப் புனித இஞ்ஞாசியார். 1521ஆம் ஆண்டு மே மாதத்தில் பம்பலோனா கோட்டைப் போரில் காலில் குண்டடிபட்டு, வீட்டில் படுத்திருந்த அவருக்குக் கிறிஸ்து நாதரின் வரலாறும் புனிதர் வரலாறுகளுமே படிக்கக் கிடைத்தன. படித்தவற்றில் தம் நெஞ்சைத் தொட்டவற்றை ஏறத்தாழ முந்நூறு தாள் கொண்ட ஓர் ஏட்டில் எழுதத் தொடங்கினார். ஆண்டவரின் சொற்களைச் சிவப்பு மையிலும், தேவதாயின் சொற்களை நீல மையிலும் எழுதினார். நோயாளியின் பொழுதுபோக்காகத் தொடங்கிய இவ்வேடு, ஒரு போர்வீரரைப் புதுமனிதராக்கிய பணியில் பங்கு கொண்டது.

பின்னர் அவர் இயற்றிய ஆன்மப் பயிற்சிகளில், தனிப்பட்ட ஆன்ம சோதனைக்கு ஒரு முறையை வகுத்தார். ஒருவர் தம்மிடமுள்ள ஒரே ஒரு குறையைத் தெரிந்துகொள்கிறார். வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கோடுகள் வரைகிறார். நண்பகல்வரை எத்தனை முறை அக்குறையில் விழுந்தாரோ அத்தனை புள்ளிகள் முதற் கோட்டில். இரவு உணவுவரை விழுந்த கணக்கு இரண்டாம் கோட்டில். பின்பு முற்பகலைப் பிற்பகலோடும், நேற்றை இன்றோடும், சென்ற வாரத்தை இந்த வாரத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். புள்ளி இடுவதற்கு மை ஒரு துளி போதும். பயன் ஒப்பிட்டுப் பார்ப்பதில் இருக்கிறது. எல்லாக் குறைகளையும் ஒரே நாளில் எழுதத் தொடங்கினால் மனம் சோர்ந்துவிடும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். ஆகவேதான் ஒன்றைமட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

இதே வழியில், திருத்தந்தை 23ஆம் அருளப்பர் 1895இல், பதினான்கு வயதுச் சிறுவராய்க் குருமடத்தில் பயின்றபோது எழுதத் தொடங்கிய ஆன்மக் குறிப்பை முதுமைவரை விடாது எழுதினார். அவர் 1963இல் மறைந்தபின், 1964இல் அது நூலாய் வெளிவந்தது. சர்க்கரை நோயுற்றோர் தம் இரத்தச் சர்க்கரை அளவை நாள்தோறும் எழுதி மருத்துவரிடம் காட்டுவதும், மாணவர் தாம் தவறிய கணக்குகளை மட்டும் தனி ஏட்டில் எழுதித் தேர்வுக்குமுன் பார்ப்பதும் இஞ்ஞாசியாரின் புள்ளிகளுக்கு உறவானவையே. அளந்து எழுதியதை ஒப்பிட்டுப் பார்த்தவர், தம் நிலையைத் தாமே அறிகிறார்.

காரணம் எழுதாத குறிப்பு

எழுதினால் மட்டும் போதுமா என்பதற்கு நம் கும்பகோணத்துக் கணித மேதை இராமானுஜன் விடை தருகிறார். வறுமையால் காகிதம் வாங்க இயலாத அவர், கற்பலகையில் கணக்கிட்டு, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பலகையை அழித்துவிடுவார். வழிமுறை பலகையோடு போயிற்று. முடிவு ஏட்டில் நின்றது. 1920இல் 32 வயதில் அவர் மறைந்தபின், அக்குறிப்பேடுகளிலிருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் எவ்வாறு பெறப்பட்டன என்பதை அறிஞர்கள் ஒவ்வொன்றாய் ஆராய வேண்டியதாயிற்று. அமெரிக்கக் கணித அறிஞர் புரூஸ் பெர்ண்ட் அவற்றை விளக்கி எழுதிய ஐந்து தொகுதிகள் 1985 முதல் 1998 வரை வெளிவந்தன. 1976இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கிடைத்த அவருடைய மற்றொரு கட்டுத் தாள்களின் ஆராய்ச்சி அதற்குப் பின்னும் தொடர்ந்தது.

மேதையின் குறிப்பை விளக்க உலகமே முன்வந்தது. நம் குறிப்பை விளக்க யார் வருவர்? கட்டட மேஸ்திரியாய் நேர்மையுடன் உழைத்த ஒருவர் திடீரென மாரடைப்பால் மறைந்தார். பெயரும் தெருவும் வேண்டா. அவருடைய சட்டைப்பையில் ஒரு சிறு குறிப்பேடு இருந்தது. பக்கந்தோறும் ஒரு பெயர்; அதற்கு எதிரே ஒரு தொகை. கொடுத்ததா, வாங்கியதா என்பது எழுதப்படவில்லை; தேதியும் இல்லை. எழுதியவருக்கு அவை தேவைப்படவில்லை. ஒவ்வொரு பெயரைக் கண்டவுடன் எல்லாம் அவர் நினைவுக்கு வந்திருக்கும். அடக்கம் முடிந்த சில நாட்களில், அவர் தமக்குப் பணம் தரவேண்டும் என்று மூவர் அந்த வீட்டுக்கு வந்தனர். அவருக்குத் தாம் தரவேண்டும் என்று ஒருவரும் வரவில்லை. ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவ்வம்மையார் ஒவ்வொரு பக்கமாய்த் திருப்பிய காட்சியை நாம் மறக்க இயலாது. அந்த ஏட்டில் எல்லாம் இருந்தன. அவருக்கு உதவக்கூடியது ஒன்றும் இல்லை.

அவ்வேட்டில் ஒவ்வொரு வரியிலும் மூன்று சொற்கள் மட்டும் கூடுதலாக இருந்திருந்தால் போதும்: என்று, எதற்காக, பற்றா வரவா. குறிப்பெழுதும் கலை முழுவதும் இந்த மூன்று சொற்களில் அடங்கியிருக்கிறது எனலாம். நமக்காக எழுதும் குறிப்பை, நாம் இல்லாத நாளில் நம் வீட்டார் படித்து அறியத்தக்கதாய் எழுதுவதே நாம் அவர்களுக்குச் செய்யும் அன்புப் பணி.

கேட்பாரற்ற பணம்

இது ஒரு குடும்பத்துக்கு மட்டும் நேர்ந்த துன்பமன்று. பத்து ஆண்டுகளாக யாரும் தொடாத வங்கிக் கணக்குகளின் பணத்தை வங்கிகள் ரிசர்வ் வங்கியின் தனி நிதியொன்றுக்கு மாற்ற வேண்டும் என்னும் விதி 2014 முதல் நடைமுறையில் உள்ளது. 2023 மார்ச் இறுதியில் நம் நாட்டு வங்கிகளில் இவ்வாறு கேட்பாரற்றுக் கிடந்த தொகை 42,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்டது என்று நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. இத்தொகையில் ஒரு பங்கேனும் பிள்ளையின் படிப்புக்காகவும் மகளின் திருமணத்துக்காகவும் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணமாக அன்றோ இருக்கும்! சேர்த்தவர் எங்கே சேர்த்தார் என்பதை எழுதி வைக்காமையால், உரியவர் ஒருபுறம் கடன் வாங்கியிருக்க, அவர்களுடைய பணம் மறுபுறம் உறங்கிக் கிடக்கிறது.

இவ்வாறு மாற்றப்பட்ட பணத்துக்கு உரிமை அழிந்துவிடுவதில்லை. உரியவரோ அவருடைய வாரிசுகளோ தக்க சான்றுகளுடன் வங்கியை அணுகினால் திரும்பப் பெறலாம். எந்த வங்கியில் பணம் உள்ளது என்று பெயரைக் கொண்டு தேடுவதற்காக ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்கம் என்னும் இணையவழி வசதியைத் தொடங்கியது. வங்கிக் கணக்குக்கு நான்கு பேர்வரை நியமனதாரராகக் குறிக்கும் வசதி 2025 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இவ்வசதிகள் நன்று. ஆயினும் வீட்டிலுள்ள ஒரு நாற்பது பக்க ஏட்டில், எந்த வங்கி, எந்தக் கிளை, எவர் நியமனதாரர் என்று எழுதியிருந்தால், எங்கும் தேடியலைய வேண்டிய தேவையே எழாது.

பங்கின் ஏடுகள்

திருச்சபை இவ்வுண்மையை நெடுநாளாக அறிந்திருக்கிறது. 1563இல் திரிதெந்து பொதுச்சங்கம், பங்குக் குருக்கள் திருமண ஏட்டைத் தம்மிடம் வைத்துப் பேண வேண்டுமெனக் கட்டளையிட்டது. 1614இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல், திருமுழுக்கு, உறுதிபூசுதல், திருமணம், இறப்பு ஆகியவற்றுக்கான ஏடுகளோடு, பங்கிலுள்ள ஒவ்வொரு குடும்பத்தின் நிலையையும் எழுதும் ஏட்டையும் வகுத்தது. பிறப்புச் சான்று இல்லாத முதியவர் பலர், ஓய்வூதியத்துக்கும் வேலைக்கும் தம் வயதை மெய்ப்பிக்கத் திருமுழுக்கு ஏட்டைத் தேடி நம் கோயில்களுக்கு வந்ததை மூத்தோர் அறிவர்.

அவ்வேட்டின் அமைப்பில் ஒரு சிறப்பைக் காணலாம். ஒருவர் உறுதிபூசுதல் பெறும்போதும், திருமணம் புரியும்போதும், குருவாகவோ துறவியாகவோ வாக்குக் கொடுக்கும்போதும், அச்செய்தி அவர் திருமுழுக்குப் பெற்ற கோயிலுக்கு அனுப்பப்பட்டு, பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய அதே வரியின் ஓரத்தில் குறிக்கப்படுகிறது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் இதை வலியுறுத்துகிறது. எழுதி மூடிய ஏடன்று அது. மீண்டும் மீண்டும் திறந்து, பழைய வரிக்குப் பக்கத்தில் புதிய வாழ்வைச் சேர்க்கும் ஏடு. நம் வீட்டுக் குறிப்பேட்டிலும் ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்தில் இரண்டு விரற்கடை இடம் விட்டு எழுதினால், கடன் தீர்ந்த நாளையும் காப்பீடு புதுப்பித்த நாளையும் அங்கேயே சேர்க்கலாம்.

எழுதத் தகாதவை

குறிப்பேடு நன்மைக்கு மட்டும் பயன்படும் என்று கூறிவிடல் இயலாது. நம் ஊர்த் திருமண வீடுகளில் மொய் ஏட்டைக் காணாதார் இல்லை. யார் என்ன செய்தார் என்று எழுதி வைத்து, அவர் வீட்டுத் திருமணத்தில் திருப்பிச் செய்வது, வங்கி இல்லாத காலத்தில் ஊரார் ஒருவர்க்கொருவர் முதல் திரட்டித் தந்த நல்லேற்பாடு. ஆனால் அதே ஏட்டை விரித்து, "நாம் ஐந்நூறு செய்தோம், அவர் இருநூறுதானே செய்தார்" என்று பகை வளர்க்கும்போது, உதவியின் கணக்கு குற்றத்தின் கணக்காய் மாறிவிடுகிறது. அண்ணன் தம்பியர் பேச்சற்றுப் போனதற்கு மொய் ஏட்டின் ஒரு வரி காரணமாய் இருந்ததை நாம் கண்டதுண்டு. அன்பு தனக்கு இழைக்கப்பட்ட தீமைகளைக் கணக்கு வைப்பதில்லை என்னும் கருத்தைப் புனித சின்னப்பர் கொரிந்து நகரத்தாருக்கு எழுதியதை இவ்விடத்தில் நினைவுகூர்வது நலம். பிறருடைய குறைக்கு ஏடு வேண்டா. நம் குறைக்கு இஞ்ஞாசியாரின் கோடுகள் போதும்.

வேறு சிலவும் ஏட்டில் ஏறத் தகாதவை. பணம் எடுக்கும் அட்டையின் இரகசிய எண்ணை அந்த அட்டையின் உறையிலேயே எழுதி வைப்பது, வீட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவதற்கு ஒப்பாகும். பிறர் நம்மை நம்பிக் கூறிய மறைபொருள்களையும் எழுதலாகாது. ஏட்டுக்கு நா இல்லை எனினும், அதைப் படிப்பவர்க்கு உண்டு.

கைபேசியா, காகிதமா?

இளைஞர் இன்று கைபேசியிலேயே அனைத்தையும் குறிக்கின்றனர். மளிகைப் பட்டியலை வாட்ஸப்பில் தமக்குத் தாமே அனுப்பிக்கொள்கின்றனர். மருந்துச் சீட்டைப் படம் பிடித்து வைக்கின்றனர். இதைக் குறைகூற ஒன்றுமில்லை. தேடியவுடன் கிடைக்கும்; மழையில் நனையாது; கறையான் அரிக்காது; எங்கு சென்றாலும் உடன் வரும். ஆயின் கைபேசி தொலைந்தாலோ, பூட்டைத் திறக்கும் எண்ணை ஒருவரே அறிந்து அவர் மறைந்தாலோ, உள்ளே இருப்பது சட்டைப்பை ஏட்டைவிடவும் மௌனமாகிவிடும். காகிதமோ மின்சாரம் கேட்பதில்லை. பூட்டு எண்ணும் கேட்பதில்லை. ஆனால் வெள்ளத்துக்கும் கறையானுக்கும் அஞ்சுகிறது. ஆகவே கைபேசியைச் சிட்டையாகக் கொள்க. காகித ஏட்டைப் பேரேடாகக் கொள்க. இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

இல்லத்துக்கு ஓர் ஏடு

இனிச் செய்ய வேண்டியது யாது? கெட்டி அட்டை போட்ட குறிப்பேடு ஒன்றை வாங்கி, வழக்கம்போல முதற் பக்கத்தின் தலையில் சிலுவை அடையாளமிட்டுத் தொடங்குவோம். ஒரு பகுதியில் குடும்பத்தாரின் பிறந்த நாள், திருமுழுக்கு நாள், அது நடந்த கோயில், இரத்த வகை, ஒவ்வாத மருந்து, உட்கொள்ளும் மருந்து ஆகியவற்றை எழுதுவோம். அரசு மருத்துவமனையில் நள்ளிரவில் மருத்துவர் கேட்கும் முதற் கேள்விகளுக்கு விடை அங்கே இருக்கும். மறு பகுதியில் வங்கிக் கணக்கு, அஞ்சலகச் சேமிப்பு, காப்பீடு, வீட்டு நிலப் பத்திரம் ஆகியன எங்கே உள்ளன என்று எழுதுவோம். மூன்றாம் பகுதியில் கொடுத்ததையும் வாங்கியதையும் தேதி, காரணம், பற்று வரவு என்னும் மூன்றோடும் எழுதுவோம். எஞ்சிய பக்கங்கள் பாட்டியின் குழம்புப் பொடி அளவுக்கும், குழந்தைக்குக் காய்ச்சல் வந்து நீங்கிய நாட்களுக்கும் உரியன. கருவுற்ற தாய்மார் தம் தாய் சேய் நல அட்டையையும், குழந்தையின் தடுப்பூசி அட்டையையும் இந்த ஏட்டின் உறையிலேயே செருகி வைக்கலாம்.

ஏடு எங்கே இருக்கிறது என்பதைக் கணவனும் மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டும். பல இல்லங்களில் கணவர் மட்டுமே பணக்கணக்கை அறிவார். மனைவி மட்டுமே மருந்துக் கணக்கை அறிவார். ஒருவர் நோயுற்றால் மற்றவர் இருளில் தடுமாறுகிறார். இதை நம்பிக்கையின்மையால் கேட்பதாக யாரும் எண்ண வேண்டா. அன்புடைய கணவன் தன் கணக்கைத் தன் மனைவிக்குக் காட்டுவதால் அவனுக்கு மதிப்புக் கூடுமேயன்றிக் குறையாது. பிள்ளைகளுக்கும், குடும்பம் எவ்வாறு நடக்கிறது என்னும் பாடத்தை அந்த ஏட்டைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் நூல் வேறில்லை.

மாதத்தின் கடைசி ஞாயிறன்று, குடும்பச் செபமாலை முடிந்தபின் கால்மணி நேரம் அனைவரும் அமர்ந்து அவ்வேட்டைத் திறக்கட்டும். சட்டைப்பையிலும் நாட்காட்டியிலும் கைபேசியிலும் சிதறிக் கிடப்பவற்றை ஒருவர் சொல்ல, எழுத்து அழகாய் உள்ள பிள்ளை எழுதட்டும். தீர்ந்த கடனுக்கு நேரே ஓரத்தில் நாளைக் குறிக்கட்டும். படிக்கத் தெரியாத பாட்டியும் அருகில் இருக்கட்டும். பிள்ளைகள் மறந்த பல நாட்களை அவர் நினைவிலிருந்து எடுத்துத் தருவார். இந்த மாத இறுதிக்குள் இத்தகைய ஓர் ஏட்டைத் தொடங்கும் குடும்பங்களுக்கு இறைவன் நீண்ட ஆயுளையும் நல்ல நினைவாற்றலையும் அருள்வாராக. நினைவு தவறும் காலத்தில் அந்த ஏடே அவர்களுக்குத் துணை நிற்பதாக.